பெள்ளந்தூரில் இருந்து தென்கரைக்கோட்டை வரை

பெங்களூர்

பெங்களூரில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கண்ணெதிரே கொஞ்சம் தண்ணீர் தேவைப்படுகிறது. விடியும் முன்பே கிளம்பி ஹெசரகட்டா, மஞ்சனபெலெ என்று ஏதாவது ஒரு கரைக்குப் போகிறார்கள். வழியில் இட்லி, கரையில் காபி, நாலு புகைப்படம், மதியச் சாப்பாட்டுக்கு வீடு. நானும் பல வருடங்களாக இதைச் செய்துவருகிறேன். அந்தச் சில மணி நேரம் வாரம் முழுவதற்கும் தெம்பு தருகிறது என்பதும் உண்மைதான்.

ஆனால் நான் குடியிருப்பது பெள்ளந்தூர்ப் பக்கம். நகரத்திலேயே பெரிய ஏரி எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. 2015-இல் அதன் நுரை கரையைத் தாண்டிச் சாலைக்கு வந்தது. 2017-இலும் 2018-இலும் அந்த ஏரி தீப்பிடித்து எரிந்தது. தண்ணீர் எரிவதை அணைக்க ராணுவத்தினர் வரவேண்டியிருந்தது. அதன்பிறகு வழக்குகள், தூர்வாரும் பணிகள் எல்லாம் நடந்தன, நடக்கின்றன. காற்று திரும்பும் மாலைகளில் இன்னும் நாங்கள் சன்னலைச் சாத்திக்கொள்கிறோம்.

பெள்ளந்தூர் நிரம்பினால் தண்ணீர் வர்த்தூர் ஏரிக்குப் போகும். வர்த்தூரில் இருந்து தட்சிண பினாகினிக்கு. நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் அந்த ஆற்றைத்தான் ஓசூர் தாண்டியதும் நாம் தென்பெண்ணை என்கிறோம். அது கிருஷ்ணகிரி வழியாக அரூர்ப் பக்கம் போகிறது. அரூரில் என் சித்தி இருக்கிறார். பொங்கல் முடிந்து தை மாதக் கடைசியில் ஊருக்குப் போக வாய்த்தபோது, இந்த முறை ஆற்றையொட்டியே போவது, அரூரில் தங்கி அக்கம்பக்கத்து ஏரிகளையும் அணைகளையும் காலையில் போய் மாலையில் திரும்புகிறாற்போல் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சித்தி மகன், என் தம்பி, கூடவே வந்தான். அவன் ஒயிட்ஃபீல்டில் கட்டட வேலைகளுக்கு மேஸ்திரி. அரூர், ஊத்தங்கரை, பாப்பிரெட்டிப்பட்டி ஊர்களில் இருந்து பெங்களூர் வந்து செங்கல் சுமந்தவர்களை எண்ணி முடியாது.

கெலவரப்பள்ளி

ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணைதான் தமிழ்நாட்டுக்குள் தென்பெண்ணையின் முதல் அணை. முழு உயரம் 44.28 அடி. மேலே நின்று பார்த்தால் அழகான நீர்ப்பரப்பு. கரையோரம் நாணல், நடுவில் நீர்க்காகங்கள், தூரத்தில் பசுமைக்குடில்களின் வெள்ளைக் கூரைகள். ஓசூர் ரோஜா அந்தக் கூரைகளுக்கு அடியில்தான் பூக்கிறது.

மதகுகளுக்குக் கீழே இறங்கிப் பார்த்தோம். விழுகிற தண்ணீர் பால்வெள்ளையாய்ப் பொங்கி, பாறைகளுக்கு நடுவே குவியல் குவியலாகத் தங்கி நின்றது. காற்றடித்தபோது ஒரு துண்டு பிய்ந்து பறந்து வந்து தம்பியின் சட்டையில் ஒட்டியது. விரலால் எடுத்தால் கரையவில்லை. வழவழப்பாக இருந்தது. நாற்றமும் எனக்குப் பழகிய நாற்றம்தான்.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், “இப்ப என்னங்க இது, மழைக்காலத்துல வந்து பாருங்க. தரைப்பாலம் தெரியாது. ஆள் உசரத்துக்கு நுரை நிக்கும்” என்றார். அவர் கர்நாடகத்தையோ பெங்களூரையோ ஒரு வார்த்தை திட்டவில்லை. மாடுகள் எந்த இடத்தில் தண்ணீர் குடிக்கும், எந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று மட்டும் சொன்னார். கீழே ஆற்றுப் பக்கம் இறங்கவிடாமல் அவற்றைப் பக்கத்து ஊர்க் குட்டைக்கு ஓட்டிப்போவதாகவும் சொன்னார். நகரத்தில் நான் தினமும் திறக்கிற குழாய்களின் கணக்கு எங்கே வந்து சேர்கிறது என்பதை அந்தப் பாறைகளில்தான் நேராகப் பார்த்தேன். என்னால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

கிருஷ்ணகிரி அணை

கிருஷ்ணகிரிக்குக் கொஞ்சம் முன்னால் பெரியமுத்தூரில் இருக்கிறது கே.ஆர்.பி. அணை. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1957-இல் திறக்கப்பட்டது. 52 அடி உயரம். 9,012 ஏக்கருக்குப் பாசனம். 2017 நவம்பரில் இதன் எட்டு மதகுகளில் முதலாவது உடைந்து, தேக்கிய தண்ணீரில் பெரும்பகுதி ஆற்றில் போய்விட்டது. அதைப் பற்றி இன்றும் அந்தப் பக்கத்து ஆட்கள் வீட்டில் நடந்த துக்கத்தைச் சொல்வதுபோலத்தான் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் இங்கே இருந்தது. பூங்காவில் பிள்ளைகள், அணை மேல் புதுமணத் தம்பதிகள், வாசலில் மீன் கடைகள். கடை என்றால் ஒரு பெரிய தோசைக்கல், ஒரு அடுப்பு, மசாலா தடவி அடுக்கிய மீன். கட்லாத் துண்டு, முழு ஜிலேபி, நெத்திலி அளவுப் பொடிமீன். கடைக்கார அம்மா மீனைக் கல்லில் போட்டதும் அதைத் தொடவே இல்லை. ஓரம் சிவந்து தானாகக் கல்லை விடும்வரை காத்திருந்து, ஒரே தரம் திருப்பினார். மேலே கறிவேப்பிலையை உருவிப் போட்டு, வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினார். தோல் மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. காரம் நாக்கில் ஏறுவதற்குள் இன்னொரு துண்டு கேட்டேன்.

“மீனு இந்த டேமு மீனுதானா?” என்று தம்பி கேட்டான்.

“பரிசல்ல போயி ராத்திரி வலை விட்டு எடுத்ததுப்பா. எங்க வூட்டுக்காரரு எடுத்தது. சந்தேகமா இருந்தா அவரையே கேளு” என்று மரத்தடியில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவரைக் காட்டினார். அவர் தலையைத் தூக்காமல், “தண்ணி கெட்டா முதல்ல எங்களுக்குத்தான் தெரியும். மீனு மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு மெதக்கும். அப்படி ஒரு காலையில வந்து பாத்தீங்கன்னா சோறு இறங்காது” என்றார். மதகு உடைந்த வருடத்தைப் பற்றியும் கேட்டேன். அந்த வருடம் பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போனாராம்.

அனுமன்தீர்த்தம்

ஊத்தங்கரையில் இருந்து அரூர் போகிற சாலை தென்பெண்ணையைக் கடக்கிற இடம் அனுமன்தீர்த்தம். தை மாதத்தில் ஆறு ஒடுங்கி, பாறைகளுக்கு நடுவே இரண்டு மூன்று கிளைகளாக ஓடியது. கெலவரப்பள்ளியில் பார்த்த நுரை இங்கே இல்லை. நடுவில் அத்தனை தூரம், அத்தனை மணல், அணை, தடுப்பணை. தண்ணீர் தன்னைத் தானே தேற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அதை நம்பி அலட்சியமாக இருக்க முடியாது என்பதும் தெரிந்துதான் இருக்கிறது. ஆனாலும் படித்துறையில் இறங்கிக் கால் நனைத்தபோது மனசு லேசானது.

ராமர் தீர்த்தமலையில் பூசை செய்யத் தண்ணீர் வேண்டி அனுமனை அனுப்பினாராம். அனுமன் வர நேரமானதால் அம்பெய்து பாறையில் நீரூற்றை வரவழைத்துப் பூசையை முடித்துவிட்டாராம். பிறகு வந்து சேர்ந்த அனுமன் தான் கொண்டுவந்த தண்ணீரை வீசி எறிய, அது விழுந்த இடம் இது என்கிறது தலபுராணம். தாமதமாக வந்த தண்ணீரையும் வீணென்று சொல்லாமல் அதற்கும் ஒரு கோயில் வைத்துக் கும்பிடுகிறார்களே, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முதலில் இங்கே குளித்துவிட்டுத்தான் தீர்த்தமலை ஏற வேண்டும் என்பது முறை. ஆடிப் பதினெட்டுக்கு இந்தப் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது.

பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் நுங்கும் கொய்யாவும் விற்றுக்கொண்டிருந்த பெண், 2024 டிசம்பர் வெள்ளத்தைச் சொன்னார். ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு நகராமல் நின்று கொட்டிய மழை அது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அரூரிலும் 30-க்கு மேல். ஊத்தங்கரையில் ஏரித் தண்ணீர் வழிந்து சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் அடித்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். கீழே சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் வரை ஊர்கள் மூழ்கின. “எங்க மாமியாருக்கு எம்பது வயசு. அவங்களே இந்த மாதிரி ஆத்தைப் பாத்ததில்லைன்னாங்க. அந்தா அந்த வேப்பமரத்துல பாதி வரைக்கும் தண்ணி” என்று கை நீட்டினார். மரத்தின் கவட்டையில் ஒரு சேலைத்துணியும் காய்ந்த செத்தையும் இன்னும் சிக்கியிருந்தன.

அரூர்

அரூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஊர்க்காரர்களே யோசிப்பார்கள். எனக்கு அந்த ஊரே பார்க்கப் பிடிக்கும். கச்சேரிமேட்டில் இறங்கினால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர், கரும்பு ஏற்றிய லாரி, மஞ்சள் மூட்டை ஏற்றிய மினிவேன் என்று வரிசையாகப் போகும். கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்கு, கரும்பு கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு, மஞ்சள் ஏலத்துக்கு. சுற்று வட்டாரத்துத் தண்ணீர் நிலவரத்தை அறிய பத்திரிகை வேண்டாம். எந்த வண்டி எத்தனை போகிறது என்று எண்ணினாலே போதும். ஏரி நிரம்பிய வருடம் கரும்பும் மஞ்சளும். நிரம்பாத வருடம் கிழங்கு. அதற்கும் வழியில்லாத வருடம் பெங்களூர் பஸ்.

சித்தி வீட்டில் நாங்கள் போனபோது திண்ணையில் நாலு பெண்கள் பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு மொச்சை பிதுக்க உட்கார்ந்திருந்தார்கள். பச்சை மொச்சையை முந்தின இரவே ஊறவைத்து, ஒவ்வொரு கொட்டையாகக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து. தோல் விரலில் தங்கும்; பருப்பு துள்ளிப் பாத்திரத்தில் விழும். பேச்சு ஒரு பக்கம் ஓட, விரல்கள் பார்க்காமலே பிதுக்கும். ஒரு படி பிதுக்குவதற்குள் தெருவின் கதை முழுதும் வந்துவிட்டது. அந்தக் குழம்புக்குக் களி. நொய்யைப் போட்டு உலை கொதித்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, சித்தி பாத்திரத்தை இரண்டு காலாலும் இடுக்கிக்கொண்டு துடுப்பால் கிண்டினார். கட்டியில்லாமல் வந்தபின் ஈரக் கிண்ணத்தில் உருட்டித் தட்டில் கவிழ்த்தார். “பெங்களூர்ல கிடைக்காதா கண்ணு இது?” என்றார். கிடைக்கும், ராகி முத்தே என்று கிடைக்கும். ஆனால் அங்கே மொச்சையைப் பிதுக்கியே பாக்கெட்டில் விற்கிறார்கள். திண்ணைப் பேச்சைப் பாக்கெட்டில் விற்பதில்லை.

குடிக்கத் தண்ணீர் கேட்டபோது சித்தி, “இது ஒகேனக்கல் தண்ணி, தைரியமா குடி” என்றார். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கோடு விழுந்த தலைமுறைகள் இங்கே உண்டு, சித்திக்கும் உண்டு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகுதான் காவிரித் தண்ணீர் வீடுகளுக்கு வந்தது. பெங்களூரும் காவிரியைத்தான் குடிக்கிறது. ஒரே ஆற்றைக் குடித்துக்கொண்டு இருக்கிறோம், இன்னொரு ஆற்றில் எங்கள் கழிவு இவர்களிடம் வருகிறது. இதைச் சித்தியிடம் சொன்னேன். அவர் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துக்கொண்டே கேட்டார், பதில் சொல்லவில்லை.

தீர்த்தமலை

மறுநாள் காலையில் வெயிலுக்கு முன்பே மலையேறினோம். படிகள் செங்குத்து, குரங்குகள் பையை விடுவதில்லை. தீர்த்தகிரீசுவரர் கோயில் மலையின் மேல்பகுதியில், ஒரு பெரும் பாறைச் சுவரை முதுகில் வைத்துக்கொண்டு நிற்கிறது. அருணகிரிநாதர் பாடிய தலம். ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்கினி என்று ஐந்து தீர்த்தங்கள்.

ராமர் தீர்த்தத்துக்கு அடியில் நின்றேன். தலைக்கு மேல் நெடுநெடுவென்று பாறை. அதன் வெடிப்பில் இருந்து ஒரு கம்பி கனத்தில் தண்ணீர் விழுகிறது. காற்று வந்தால் தூறலாகச் சிதறி, காற்று நின்றால் மறுபடி கம்பி. உச்சந்தலையில் விழுந்தபோது உடம்பு சிலிர்த்தது. கோடையிலும் இது நிற்பதில்லை என்றார் தீர்த்தம் பிடித்துக் கொடுத்தவர். பக்கத்தில் ஒரு குடும்பம் பிளாஸ்டிக் குடத்தை வைத்துவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தது. அரை மணி நேரத்துக்கு ஒரு குடம். அந்த வேகத்தில்தான் வரும், அதற்கு மேல் அவசரப்படுத்த முடியாது. அந்தக் குடும்பத்தில் ஒருவரும் கைபேசியை எடுக்கவில்லை.

மேலிருந்து பார்த்தால் தெற்கே சித்தேரி மலைத்தொடர். நடுவில் தென்னந்தோப்புகள், கிழங்குக் காடுகள், அங்கங்கே வெயிலில் மின்னுகிற குட்டைகள். இந்த மண்ணில் மழை விழுந்தால் அதை நிறுத்திப் பிடிக்க யாரோ ஒருவர் எங்கெங்கோ கரை போட்டிருக்கிறார்.

வாச்சாத்தி

சித்தேரி மலையடிவாரத்துக்குப் போகிற சாலையில் தம்பி வண்டியை நிறுத்தி, “அக்கா, இப்படியே போனா வாச்சாத்தி” என்றான். அழகான ஏரிகளைப் பற்றி எழுதுகிற கட்டுரையில் இதைத் தாண்டிப் போய்விடலாம். எனக்கு மனம் வரவில்லை.

1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் இந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்தில் புகுந்தார்கள். ஊரையே அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்களை ஊர் ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சிறையில் அடைத்தார்கள். வழக்கு விசாரணைக்கு வருவதற்கே அந்த மக்கள் வருடக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. 2023 செப்டம்பர் 29-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்புக்கு முன்னால் நீதிபதி வேல்முருகன் தாமே இந்த ஊருக்கு வந்து இடங்களைப் பார்த்துப் போனார்.

ஊருக்குள் போனோம்; ஏரியைப் பார்க்கப் போகவில்லை. பள்ளிக்கூட நேரம். தெருவில் கோழிகள், காயப்போட்ட சாமை, புளியமரத்தடியில் தாயம் ஆடுகிற கிழவர்கள். “எந்த ஊரு?” என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் தந்தார்கள். மற்ற ஊர்களில் கேட்டதுபோல இங்கே நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. நீதிமன்றத்தில், செய்தியாளர்களிடம், விசாரணைக் குழுக்களிடம் எத்தனையோ தரம் சொன்னவர்கள். அந்த ஏரியிலும் மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. அதன் கீழேயும் வயல் இருக்கிறது. அவர்கள் அங்கேதான் மாடு ஓட்டுகிறார்கள், துணி துவைக்கிறார்கள். அந்தக் கரையில் நின்று படம் எடுக்கிற உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

வாணியாறு

பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி முள்ளிக்காட்டுக்குப் போகிற வழியே ஒரு விருந்து. சேர்வராயன் மலை நெருங்க நெருங்க வெயிலின் நிறம் மாறுகிறது. இருபுறமும் பாக்குத் தோப்பு, வாழை, நடுநடுவே வெற்றிலைக் கொடிக்கால். ஒரு கொடிக்காலுக்குள் அனுமதி கேட்டு நுழைந்தோம். அகத்தி மரங்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றின் மேலும் கொடியை ஏற்றி வாழைநாரால் தளர்வாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே அரை இருட்டு, காலடியில் ஈரமண், மேலே இலை வழியாகப் பச்சையாய் வடிகிற வெளிச்சம். வெளியே கொளுத்துகிற வெயிலுக்கும் உள்ளே இருந்த குளிர்ச்சிக்கும் நாலு எட்டுத் தூரம்தான். இலை பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒரு கொழுந்தை நீட்டினார். மென்றதும் மூக்கு வரை ஏறியது. “வாணியாத்துத் தண்ணி பாயற வரைக்கும்தான் இந்தக் காரம். போர் தண்ணி பாச்சினா இலை வெளுத்துடும், வெலை போகாது” என்றார்.

அணை மலையின் மடியில் இருக்கிறது. ஏற்காட்டு மலைச் சரிவுகளில் பெய்கிற மழைதான் இதற்கு வரத்து. வழியில் நகரம் இல்லை, ஆலை இல்லை. முழு உயரம் 65.27 அடி. கரையின் மேல் ஏறியபோது மூன்று பக்கமும் மலை, நடுவில் கரும்பச்சைத் தண்ணீர். படகு இல்லை, பூங்கா என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஏற்காடு ஏரியில் ஞாயிற்றுக்கிழமை படகுக்கு வரிசையில் நிற்கிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இறங்கி வருவதில்லை. எனக்கு இரண்டில் எதைப் பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். கரையோரம் இறங்கிக் கையில் அள்ளிப் பார்த்தேன். அடியில் கூழாங்கல் தெரிந்தது. பெள்ளந்தூரில் இருந்து கிளம்பிய பிறகு அடி தெரிகிற தண்ணீரை அங்கேதான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே தோன்றவில்லை.

அணையில் தண்ணீர் திறந்துவிடுகிற லஸ்கர் ஒருவர் மதகுப் பக்கம் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைப் பிரித்தார். இடதுபுறக் கால்வாய், வலதுபுறக் கால்வாய் என்று கை காட்டினார். வெங்கடசமுத்திரம், மோளையானூர், மெணசி, ஆலாபுரம், தென்கரைக்கோட்டை, பறையப்பட்டி, கோழிமேக்கனூர் என்று இந்தத் தண்ணீரை நம்பும் ஊர்களை மூச்சு விடாமல் அடுக்கினார். எல்லாம் சேர்ந்து 10,000 ஏக்கருக்கு மேல். “டேமு ரொம்பிருச்சுன்னு செய்தி வந்த அன்னைக்கு சாயங்காலமே போன் வரும்ங்க. எங்க ஏரிக்கு எப்பன்னு. மேல இருக்கறவன் போதும்னு சொல்ல மாட்டான், கீழ இருக்கறவன் வந்துச்சுன்னு சொல்ல மாட்டான்.” டிபன் பாக்ஸில் இருந்து ஒரு ஊறுகாய்த் துண்டை எங்களுக்கும் நீட்டினார்.

தென்கரைக்கோட்டை

கால்வாயை ஒட்டியே கீழே வந்தோம். ஆலாபுரத்தில் ஏரிக்குள் தண்ணீர் இருந்தது, நாரைகள் இருந்தன, கரையில் பையன்கள் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து தென்கரைக்கோட்டை. பழைய கோட்டைச் சுவர்கள் பாதியும் புதருமாக நிற்கின்றன. உள்ளே கல்யாணராமர் கோயில். கல்தூண்களில் சிற்பி செலவழித்த பொறுமையைப் பார்க்க ஒரு பகல் போதாது. கோட்டை கட்டியவர்கள் முதலில் தண்ணீரைத்தான் தேடியிருப்பார்கள். ஏரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஏரிக்குள் பாதிக்குமேல் வெறும் தரை. நடுவில் தேங்கிய தண்ணீரில் எருமைகள். வரத்து வாய்க்கால் பக்கம் பத்துப் பதினைந்து பேர் அரிவாளோடு நின்று வேலிகாத்தான் முள்ளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அரசாங்க வேலை இல்லை, நூறு நாள் வேலையும் இல்லை. ஏரிக்குக் கீழே நிலம் இருக்கிற வீட்டுக்கு ஒரு ஆள், வராதவர் கூலிக்குப் பணம். தலைப்பாகை கட்டிய நடுத்தர வயதுக்காரர் ஒருவர்தான் எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தார். பார்க்க வந்ததாகச் சொன்னதும், “ஏரி ரொம்பி கோடி போற அன்னைக்கு வந்திருக்கணும் நீங்க” என்றார். வாணியாற்றில் தண்ணீர் இருக்கும்போதே வாய்க்காலைச் சுத்தம் செய்தால்தான் கடைமடைக்கு வரும். முள்ளிலும் ஆகாயத்தாமரையிலும் சிக்கி நின்றால் மேலேயே உடைத்துக்கொண்டு ஓடிவிடும். தண்ணீர் திறந்த பிறகு ராத்திரியில் டார்ச்சோடு வாய்க்கால் நெடுக நடப்பார்களாம். எங்கேயாவது யாராவது மண்ணை வெட்டி மாற்றிவிட்டார்களா என்று பார்க்க.

“சண்டை வராதா?” என்றேன்.

“வரும். பேசித் தீத்துக்குவோம். பக்கத்து ஊர்லதானே பொண்ணு குடுத்திருக்கோம்.”

தென்பெண்ணையில் வெள்ளமாய்ப் போய்க் கடலில் சேர்கிற தண்ணீரில் கொஞ்சத்தை ஈச்சம்பாடி அணைக்கட்டில் இருந்து ஏற்றி இந்தப் பக்கத்து வறண்ட ஏரிகளுக்குத் தர வேண்டும் என்பது இங்குள்ளவர்களின் நெடுநாள் கோரிக்கை. அதைப் பற்றிப் பேச்சு வந்ததும் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள். தென்பெண்ணைத் தண்ணீர் வந்தால் எப்படி இருக்கும் என்று நான் கெலவரப்பள்ளியில் பார்த்ததைச் சொன்னேன். தலைப்பாகைக்காரர் கவனமாகக் கேட்டார். அது நுரையோடு வருகிறதா, வெள்ளக்காலத்தில் எப்படி, அனுமன்தீர்த்தத்தில் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பெங்களூரில் சாக்கடையைச் சுத்தம் பண்ணிவிட்டு ஆற்றில் விட வழி இல்லையா என்றும் கேட்டார். இருக்கிறது, அங்கே சுத்திகரித்த தண்ணீரை 2018-இல் இருந்து கோலார் பக்கத்து ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள் என்றேன். ஆனால் எல்லாத் தண்ணீரும் அப்படிப் போவதில்லை என்றும் சொன்னேன்.

“அப்ப அங்க இருக்கறவங்கதான் கேக்கணும். நாங்க இங்கிருந்து கேட்டா யாரு காதுல விழும்? நீங்க அந்த ஏரிப் பக்கத்துல குடியிருக்கறவங்க. உங்களுக்கு ஓட்டு அங்கயா, இங்கயா?”

அங்கேதான் என்றேன். “அப்ப கேளுங்க” என்று சொல்லிவிட்டு, தம்பியைப் பார்த்து, வண்டியில் அரிவாள் ஏதும் இருக்கிறதா என்றார். பொழுது இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வாய்க்காலில் வெட்ட வேண்டிய முள் அடுத்த ஊர் எல்லை வரை இருந்தது. தம்பி சட்டையைக் கழற்றி வண்டிமேல் போட்டான். நான் வெட்டிய முள்ளை இழுத்துக் கரையில் போடுகிற பெண்களோடு சேர்ந்துகொண்டேன்.